கிணற்றுச் சுவருக்குக் கஞ்சி போட்ட கதை

திருவள்ளூர் மாவட்டத்தில் மண் இரண்டு விதம். மேற்கே திருத்தணிப் பக்கம் பாறை. போர்வெல் லாரி வந்து கம்ப்ரெசரைப் போட்டால், காற்றடியில் சுத்தியல் பாறையைப் பொடித்துக்கொண்டே இறங்கும்; போட்ட துளை போட்டபடி நிற்கும். கிழக்கே மீஞ்சூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டி என்று வந்துவிட்டால் கொசஸ்தலை ஆறும் ஆரணி ஆறும் காலங்காலமாகக் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும்தான். இங்கே துளை போடுவது எளிது. போட்ட துளையைச் சரியாமல் நிறுத்துவதுதான் பாடு.

இப்படிப்பட்ட மண்ணில் கையால் போர் போடுகிறவர்களிடம் பழைய உபாயம் ஒன்று உண்டு. முக்காலி நட்டு, குழாயைத் திருகித் திருகி இறக்கும்போது துளைக்குள் வெறும் தண்ணீர் விடமாட்டார்கள். களிமண்ணைக் கரைத்து விடுவார்கள். மணல் அதற்கும் அடங்காமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் மாட்டுச் சாணியைச் சேர்த்துக் கரைப்பார்கள். சற்று நேரத்தில் தண்ணீர் மட்டம் இறங்குவது நிற்கும். துளையின் சுவரில் வழவழவென்று ஒரு பூச்சு ஏறியிருக்கும். சாணியிலுள்ள நுண்ணிய நாரும் பசையும் மணலின் இடுக்குகளை அடைத்துவிடுகின்றன. அந்தப் பூச்சு இருக்கும்வரை துளை சரியாது.

எண்ணெய்க் கிணறு தோண்டும் தொழிலில் ‘ஃப்ளூயிட் லாஸ் அடிட்டிவ்’ என்ற பெயரில் 25 கிலோ மூட்டைகளாக வந்து இறங்கும் பாலிமர் பொடிகள் செய்வதும் இதே வேலைதான். ஆழம் மட்டும் 30 மீட்டருக்குப் பதிலாக 3000 மீட்டர். அந்தப் பொடி பிறந்த கதையில் மாவு வருகிறது, பருத்தி வருகிறது, கொத்தவரை விதையும் புளியங்கொட்டையும் வருகின்றன. ஆனால் என் கணிப்பில், இந்தப் பொருளை உண்மையில் பெற்றெடுத்தது ஒரு சின்ன அளவைக் கருவி. அது வந்த பிறகுதான் மாவு மருந்தானது.

சேறு செய்யும் வேலை

எண்ணெய்க் கிணற்றில் துளைக்கருவி சுழலும்போது, உள்ளீடற்ற குழாய் வழியாக ஒரு கரைசல் கீழே போகிறது. கருவியின் வாயில் பீறிட்டு, வெட்டுப்பட்ட பாறைத் துணுக்குகளை அள்ளிக்கொண்டு, குழாய்க்கும் துளைச் சுவருக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாக மேலே வருகிறது. மேலே அதிரும் சல்லடை துணுக்குகளைப் பிரித்தெடுக்க, கரைசல் திரும்பத் தொட்டிக்குப் போகிறது. தொழிலில் இருப்பவர்கள் இதை ‘மட்’ என்பார்கள். பெண்டோனைட் என்னும் களிமண்ணைத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்த சேறுதான் இதன் அடிப்படை. சென்னையில் மெட்ரோ ரயிலின் நிலத்தடி நிலையங்களுக்குப் பக்கச் சுவர் இறக்கத் தோண்டியபோது குழி சரியாமல் தாங்கிப் பிடித்ததும் இந்தப் பெண்டோனைட் கரைசல்தான்.

மட்டுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. ஆழத்தில் பாறை இடுக்குகளில் தண்ணீரும் எண்ணெயும் வாயுவும் அழுத்தத்தோடு அடைபட்டுக் கிடக்கின்றன. அவை சீறி மேலே வராமல் இருக்க, மட்டின் எடை அவற்றை அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒரு கன சென்டிமீட்டருக்கு 1.2 கிராம் எடையுள்ள மட், 3000 மீட்டர் ஆழத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 360 கிலோ அழுத்தம் தருகிறது. பாறைக்குள் இருக்கும் அழுத்தத்தைவிட இது கொஞ்சம் அதிகமாக இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

அந்தக் கொஞ்சத்தில்தான் சிக்கல் தொடங்குகிறது. மட்டில் உள்ள தண்ணீர் மணற்பாறைக்குள் பிதுங்கிப் போகிறது. களிமண் துகள்கள் உள்ளே நுழைய முடியாமல் சுவரிலேயே தங்குகின்றன. கேழ்வரகை அரைத்துத் துணியில் ஊற்றிப் பால் எடுத்தவர்களுக்கு இது தெரியும். முதலில் பால் கொட்டும். திப்பி படியப் படிய ஒழுக்கு மெலிந்து சொட்டாகும். கிணற்றுச் சுவரில் படியும் அந்தத் திப்பிதான் ‘மட் கேக்’.

கேக் படிவது நல்லதுதான். அது படியாவிட்டால் துளையே நிற்காது. ஆனால் அது எப்படிப் படிகிறது என்பதில் கிணற்றின் தலையெழுத்து இருக்கிறது. தண்ணீர் அதிகம் கசிந்தால் கேக் தடித்துக்கொண்டே போகும். துளையின் விட்டம் குறுகும். துளைக்குழாய் சற்று நேரம் அசையாமல் நின்றால் அந்தத் தடித்த சேற்றில் புதைந்துகொள்ளும். மட்டின் அழுத்தத்துக்கும் பாறைக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வேறுபாடு அதைச் சுவரோடு அறைந்து பிடித்துவிடும். பிறகு எத்தனை டன் விசை கொடுத்து இழுத்தாலும் வராமல் போகலாம். கசிந்த தண்ணீர் ஷேல் என்னும் களிமண் பாறையைத் தொட்டால் பாறை ஊதி உதிரும். எண்ணெய் இருக்கும் அடுக்குக்குள் புகுந்தால் அங்குள்ள களிமண்ணை வீங்கவைத்து எண்ணெய் வரும் வழியையே அடைத்துவிடும். எண்ணெயைத் தேடிப் போனவர்களே அதன் வாசலைச் சாத்திவிட்டு வந்ததாக முடியும்.

ஆகவே வேண்டியது மெல்லிய, இறுக்கமான, வழுவழுப்பான ஒரு கேக். தடித்த சுவர் பலம் என்று நாம் எண்ணுவது வழக்கம். இந்தத் தொழிலில் அது நேர்மாறு. சுவர் தடித்திருந்தால் தண்ணீர் நிறையக் கசிந்திருக்கிறது என்று பொருள்.

மாடு மிதித்த சேறு

துளையைத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே தோண்டலாம் என்று செய்து காட்டியவர் பிரெஞ்சுப் பொறியாளர் ஃபோவெல். 1845இல் பெர்பிஞான் நகரில் அவர் உள்ளீடற்ற தண்டு வழியாகத் தண்ணீரைச் செலுத்தித் தோண்டினார். அவருக்குத் தேவைப்பட்டது துணுக்குகளை வெளியேற்றும் ஓட்டம் மட்டுமே. சுவரைப் பற்றிய யோசனை அப்போது எழவில்லை.

1887இல் அமெரிக்காவில் சாப்மன் என்பவர் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். தண்ணீரோடு ஒட்டும் தன்மையுள்ள ஏதாவது ஒரு பொருளைச் சேர்த்துச் செலுத்தினால், அது துளைச் சுவரில் படிந்து தண்ணீர் புகாத பூச்சாகும் என்பது அவர் கருத்து. எதைச் சேர்க்கலாம் என்று அவர் சொன்ன பட்டியலில் களிமண், தவிடு, தானியம், சிமெண்ட் எல்லாம் இருந்தன. தவிடும் தானியமும் என்ற இடத்தில் சற்று நிற்க வேண்டும். பாலிமர், அதாவது நீண்ட சங்கிலி மூலக்கூறு, என்ற கருத்தே வேதியியலில் உருவாகாத காலம் அது. ஆனாலும் மாவுப் பொருள் சுவரை அடைக்கும் என்பதை ஒருவர் எழுதி வைத்துவிட்டார். எழுதியது அரை நூற்றாண்டு அப்படியே கிடந்தது.

1901 ஜனவரி 10 அன்று டெக்சஸில் ஸ்பிண்டில்டாப் மேட்டில் லூகாஸ் கிணறு வானளாவப் பீறிட்டபோது உலகப் பெட்ரோலியத் தொழிலின் போக்கே மாறியது. அந்தக் கிணற்றைத் தோண்டிய ஹாமில் சகோதரர்களுக்கு வழியில் புதைமணல் குறுக்கிட்டது. வெறும் தண்ணீருக்கு அது நிற்கவில்லை. அருகில் ஒரு குட்டை வெட்டி, அதில் மாடுகளை ஓட்டி மிதிக்கவிட்டு, கலங்கிய சேற்றைத் துளைக்குள் செலுத்தினார்கள் என்று அந்தத் தொழிலில் இன்றும் சொல்கிறார்கள். மணல் அடங்கியது. அன்று முதல் சேறு ஒரு வேண்டாத கழிவாக இல்லாமல் கருவியாக ஆனது.

அடுத்த இருபது ஆண்டுகளில் அக்கறை முழுவதும் சேற்றின் எடையில் இருந்தது. 1920களின் தொடக்கத்தில் லூசியானாவில் ஸ்ட்ரௌட் என்பவர் பாரைட் கல்லைப் பொடித்துச் சேர்த்து மட்டைக் கனமாக்கும் முறையைக் கொண்டுவந்தார். நம் பக்கத்து ஆந்திரத்தில் மங்கம்பேட்டையில் இருக்கும் பெரும் பாரைட் படிவத்துக்கு உலகச் சந்தையில் மதிப்பு வந்தது இந்தப் பயன்பாட்டால்தான். கனமாக்கத் தெரிந்துவிட்டது. வாயு சீறுவது குறைந்தது. ஆனால் அழுத்தம் கூடக் கூடத் தண்ணீர் பாறைக்குள் பிதுங்குவதும் கூடியது. அதை யாரும் பார்க்க முடியவில்லை. 1000 மீட்டருக்குக் கீழே சுவரில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாதே.

அளந்த நாள்

1930களில் அமெரிக்கப் பொறியாளர்கள் சிலர் அந்தச் சுவரை மேசைமேல் கொண்டுவந்தார்கள். 1937இல் ஜோன்ஸ் என்பவர் தோண்டும் இடத்துக்கே எடுத்துப்போகத்தக்க ஒரு வடிகட்டும் கருவியை விவரித்தார். ‘ஃபில்டர் பிரஸ்’ என்று இன்றும் எல்லா ரிக்கிலும் (துளையிடும் தளத்திலும்) இருக்கும் கருவிக்கு அதுதான் முன்னோடி.

பார்க்க எளிய சாமான். மூன்று அங்குல விட்டத்தில் ஓர் உலோகக் கிண்ணம். அடியில் கம்பி வலை, அதன்மேல் வடிதாள், ரப்பர் வளையம். கிண்ணத்தில் மட்டை ஊற்றி, மூடியை இறுக்கித் திருகி, வாயுவைத் திறந்து சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 7 கிலோ அழுத்தம் கொடுக்கிறார்கள். வடிதாளின் பரப்பு 45.8 சதுர சென்டிமீட்டர். அடியிலுள்ள சிறு குழாயின் கீழே கோடு போட்ட கண்ணாடி அளவைக் குழல். முதலில் சடசடவென்று சில துளிகள் விழும். பிறகு துளிகளுக்கு இடையே நேரம் நீளும். சரியாக 30 நிமிடம் ஆனதும் குழலில் எத்தனை மில்லிலிட்டர் என்று பார்த்துக் குறிக்கிறார்கள். பிறகு கிண்ணத்தைப் பிரித்து, மிச்ச மட்டைக் கொட்டிவிட்டு, தாளின்மேல் படிந்த கேக்கை மெல்லக் கழுவி, அதன் தடிமனை அளக்கிறார்கள். விரலால் தொட்டும் பார்க்கிறார்கள்: கொழகொழவென்று இருக்கிறதா, இறுகி வழுக்குகிறதா என்று. எண்ணோடு அந்த விரலின் சாட்சியும் பதிவேட்டில் ஏறும்.

1938இல் லார்சன் என்பவர் இந்தச் சொட்டுகளுக்குள் ஓர் ஒழுங்கைக் கண்டார். கசியும் நீரின் அளவு, நேரத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றிக் கூடுகிறது. ஏழரை நிமிடத்தில் 5 மில்லிலிட்டர் வந்தால், 30 நிமிடத்தில் 10தான் வரும்; 20 வராது. கேக் தன்னைத் தானே கட்டிக்கொண்டு தன் வழியைத் தானே அடைக்கிறது என்பதற்கு இது கணக்கு வழிச் சான்று. ஆகவே கையாள வேண்டியது கேக்கின் இறுக்கத்தை. அது கூடினால் தடிமனும் கசிவும் சேர்ந்து குறையும்.

இந்த எண் கிடைத்த பிறகு எல்லாம் மாறியது. அதுவரை மட்டில் எதைப் போட்டாலும், நன்றாக இருக்கிறது என்றோ சரியில்லை என்றோ அனுபவத்தில் சொல்ல முடிந்ததே தவிர, இது அதைவிட எத்தனை மடங்கு மேல் என்று சொல்ல முடியவில்லை. இப்போது சமையலறையில் இருக்கும் பொருளைக்கூட அரை மணி நேரத்தில் சோதித்துவிடலாம். சாப்மன் 50 ஆண்டுகளுக்கு முன் எழுதிய தவிடும் தானியமும் திரும்ப வந்ததற்கு இதுதான் காரணம்.

மாவு

திரும்ப வந்த இடம் உப்பு நிலம். மேற்கு டெக்சஸில் கிணறுகள் தடித்த உப்புப் படிவங்களைக் கடந்து போக வேண்டியிருந்தது. பெண்டோனைட்டின் பலமே அதன் தகடுகள் தண்ணீரில் தனித்தனியாகப் பிரிந்து, சுவரில் ஒன்றின்மேல் ஒன்றாகச் சீராக அடுக்கிக்கொள்வதில் இருக்கிறது. உப்பு கரைந்தால் அந்தத் தகடுகள் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டித் திரிந்துபோகும். கேக் முழுவதும் பொத்தல். நன்னீரில் 15 மில்லிலிட்டர் கசிந்த மட், உப்பு நீரில் அதைப்போலப் பல மடங்கு கசியும்.

ஸ்டார்ச் மாவுக்கு உப்பைப் பற்றிக் கவலை இல்லை. அதன் மூலக்கூறில் மின்னேற்றம் கிடையாது. சூட்டில் வெந்த மாவுத் துகள் தண்ணீரைக் குடித்து உப்பி, மெத்தென்று ஆகிறது. அழுத்தத்தில் நசுங்கி, களிமண் தகடுகளின் இடுக்கில் போய் அடைகிறது. 1930களின் இறுதியில் இது பயன்பாட்டுக்கு வந்தது. கிரே, ஃபாஸ்டர், சாப்மன் (இவர் வேறொரு சாப்மன்) என்ற மூவர் 1942இல் உப்புநீர் மட்டில் மாவின் வேலையை விரிவாக எழுதினார்கள். பெட்ரோலியத் துளைச்சேற்றில் பெரிய அளவில் புகுந்த முதல் பாலிமர் என்ற பெருமை மாவுக்கே உரியது.

ரிக்கில் இன்று இதற்குப் பி.ஜி.எஸ். என்று பெயர்: முன்பே வேகவைத்து, உலர்த்தி, பொடித்த மாவு. பச்சைத் தண்ணீரில் தூவினாலே உப்பிக்கொள்ளும். ஒரு கன மீட்டர் மட்டுக்குப் பத்து முதல் இருபது கிலோ சேர்த்தால் கசிவு வெகுவாக இறங்கும். உருளைக்கிழங்கு, சோளம், மரவள்ளி என்று எந்த மாவிலிருந்தும் செய்யலாம். அமெரிக்காவில் மாவு கிணற்றுக்குள் இறங்கிய அதே 1940களில்தான் சேலம் வட்டாரத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் எடுக்கும் தொழில் வேர்பிடித்தது என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

மாவுக்கு இரண்டு குறை. ஒன்று, புளித்துப்போகும். மட்டில் உப்பு நிறைந்திருந்தாலோ காரத்தன்மை மிக அதிகமாக இருந்தாலோ கிருமி வளராது. இல்லாவிட்டால் கிருமிநாசினி சேர்க்க வேண்டும். இரண்டாவது, 110, 120 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் மூலக்கூறு உடைந்துவிடும். ஆழம் கூடினால் சூடும் கூடும்.

பருத்தி

அடுத்து வந்தது சி.எம்.சி. எனப்படும் கார்பாக்சிமீத்தைல் செல்லுலோஸ். முதல் உலகப் போரின் முடிவில் ஜெர்மனியில் உருவான பொருள். அங்கே சலவைத் தூளில் சேர்க்கப் பயன்பட்டது. 1940களின் நடுவில் எண்ணெய்க் கிணற்றுக்கு வந்தது.

பருத்தி விதையில் ஒட்டியிருக்கும் குட்டை இழைகளையோ மரக்கூழையோ எடுத்து, காஸ்டிக் சோடாவில் ஊறவைத்து, மோனோகுளோரோ அசெட்டிக் அமிலத்தோடு வினைபுரியச் செய்தால், தண்ணீரில் கரையாத செல்லுலோஸ் கரைகிற பொருளாகிறது. அதன் நீண்ட சங்கிலியில் எதிர்மின்னேற்றம் கொண்ட கிளைகள் முளைக்கின்றன. களிமண் தகடுகளின் விளிம்பில் இந்தச் சங்கிலி பற்றிக்கொண்டு, தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தள்ளி நிறுத்துகிறது. பிரிந்து நிற்கும் தகடுகள் சுவரில் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. மாவு இடுக்கில் புகுந்து அடைத்தது; சி.எம்.சி. தகடுகளைச் சீராக அடுக்கவைத்து அடைக்கிறது. ஆகவே மாவைவிடக் குறைவாகவே போதும். கன மீட்டருக்குச் சில கிலோ. 

எண்ணெய்க் கிணற்றுக்குப் போகும் சாதாரண சி.எம்.சி.யில் வினையில் உண்டான உப்பை அப்படியே விட்டுவிடுவார்கள். அதனால் விலை மலிவு. அந்த உப்பை ஆல்கஹாலில் கழுவி நீக்கி, கிளைகளையும் சங்கிலி நெடுகச் சீராக வளர்த்தால் கிடைப்பது பி.ஏ.சி. எனப்படும் பாலிஅனயானிக் செல்லுலோஸ். இது உப்பையும் கால்சியத்தையும் சி.எம்.சி.யைவிட நன்றாகத் தாங்கும். இன்று தண்ணீர் மட்டில் பெரும்பாலான நல்ல கிணறுகள் இதை நம்பித்தான் இறங்குகின்றன.

நம் நெசவாளர்கள் பாவு நூலுக்குக் கஞ்சி போடுவது இழை பிசிறாமல் தறியில் ஓட வேண்டும் என்பதற்காக. ஆலைகளில் அந்தக் கஞ்சிக்குப் பயன்பட்ட பொருள்கள் மாவு, சி.எம்.சி., புளியங்கொட்டைப் பொடி. எண்ணெய்க் கிணற்றுக்கு வந்தவையும் அவையே. இழைமேல் மெல்லிய படலமாகப் படியும் அந்தக் குணம்தான் இரண்டு தொழிலுக்கும் வேண்டியிருந்தது.

சூடு கேட்ட பாலிமர்

செல்லுலோஸும் 150 டிகிரியை நெருங்கும்போது தளர்கிறது. இயற்கைச் சங்கிலிகளில் சர்க்கரைக் கண்ணிகளை இணைக்கும் ஆக்சிஜன் பாலம்தான் சூட்டில் முதலில் அறுகிறது. அந்தப் பாலமே இல்லாமல், கார்பனோடு கார்பன் நேரே பிணைந்த சங்கிலி வேண்டும். 1950 வாக்கில் சோடியம் பாலிஅக்ரிலேட் வந்தது. சூட்டைத் தாங்கியது, ஆனால் தண்ணீரில் கால்சியம் கொஞ்சம் கலந்தாலும் அதனோடு சேர்ந்து திரிந்து படிந்துவிடும். கால்சியத்துக்கு மசியாத சல்ஃபோனேட் கிளையைக் கொண்ட ஏ.எம்.பி.எஸ். என்னும் மோனோமரை அக்ரிலமைடோடு சேர்த்துச் சங்கிலியாக்கியபோது அந்தக் குறையும் தீர்ந்தது. இந்த வகை பாலிமர்கள் 200 டிகிரி செல்சியஸ் அளவிலும் கசிவைக் கட்டுகின்றன. ஏ.டி.பி.எஸ். என்றும் அழைக்கப்படும் அந்த மோனோமரை உலகிலேயே அதிகம் தயாரிப்பது இன்று ஓர் இந்திய நிறுவனம்: மகாராஷ்டிரத்தில் லோட்டேயில் ஆலை வைத்திருக்கும் வினதி ஆர்கானிக்ஸ்.

காவிரிப் படுகையும் புளியங்கொட்டையும்

தமிழ்நாட்டில் ஓ.என்.ஜி.சி. 1960களிலேயே காவிரிப் படுகையில் துளையிடத் தொடங்கியது. 1980களின் நடுவில் நாகப்பட்டினம் அருகே நரிமணத்தில் எண்ணெய் எடுக்கும் அளவுக்குக் கிடைத்தது. கோவில்களப்பாள், அடியக்கமங்கலம், புவனகிரி, குத்தாலம் என்று பெயர்கள் சேர்ந்தன. பனங்குடியில் 1993இல் ஒரு சிறு சுத்திகரிப்பு ஆலையும் வந்தது. இந்தக் கிணறுகள் ஒவ்வொன்றும் வண்டல், மணற்பாறை, ஊதும் ஷேல் என்று மாறி மாறிக் கடந்து இறங்க வேண்டியவை. இந்திய ரிக்குகளின் மட் பதிவேடுகளில் பி.ஜி.எஸ்., சி.எம்.சி., பி.ஏ.சி. என்ற மூன்றும் அன்றாடச் சொற்கள்.

இந்தியா இந்தக் கதைக்குக் கொடுத்த பெரிய கொடை கொத்தவரை. அதன் விதையிலிருந்து எடுக்கும் குவார் பசையில் சுமார் 80 சதவீதம் நம் நாட்டில், பெரும்பாலும் ராஜஸ்தானில், விளைகிறது. மட்டைக் கெட்டியாக்க அது நெடுங்காலம் பயன்பட்டது. அமெரிக்காவில் குவார் கலந்த நீரால் ஷேல் பாறையைப் பிளந்து எண்ணெயும் வாயுவும் எடுக்கும் வேகம் ஏறிய 2011-12இல் குவார் விலை எட்டாத உயரத்துக்குப் போனதை ராஜஸ்தான் விவசாயி நேரில் பார்த்தார்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, 2004இல் வெளியான ஓர் ஆய்வு. தன்பாத்தைச் சேர்ந்த மஹதோ, சர்மா இருவரும் குவாருக்குப் பதிலாகப் புளியங்கொட்டைப் பசையை எடுத்து, பெண்டோனைட்டோடும் பி.ஏ.சி.யோடும் சேர்த்துச் சோதித்தார்கள். அந்தக் கலவையின் ஓட்டம் நன்றாக இருந்தது, கசிவு கட்டுக்குள் இருந்தது, கசிந்த நீர் மணற்பாறைக்குச் செய்த சேதமும் குவார் மட்டைவிடக் குறைவாக இருந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. புளியைத் தட்டி எடுத்துவிட்டுக் கொட்டையைக் குவித்துப்போடும் ஊர்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

கும்மிடிப்பூண்டி

தமிழ்நாடு அரசு 1971இல் சிப்காட் நிறுவனத்தைத் தொடங்கியது. சென்னையிலிருந்து கொல்கத்தா போகும் நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் ஒட்டிய அதன் கும்மிடிப்பூண்டி வளாகத்தில் இரும்பு உருக்காலைகளும் ரசாயன ஆலைகளும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தெற்கே மணலியில் 1969இல் இயங்கத் தொடங்கிய சுத்திகரிப்பு ஆலையும் அதைச் சுற்றிப் பெட்ரோ கெமிக்கல் ஆலைகளும்; கடலோரம் எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்கள்; வடமேற்கே மங்கம்பேட்டையின் பாரைட். துளைச்சேற்றுக்கு வேண்டிய பொருள்களைச் செய்யவும் சேர்க்கவும் அனுப்பவும் இதைவிடப் பொருத்தமான இடம் தென்னகத்தில் அரிது.

இந்தப் பாலிமர்களைச் செய்யப் பிரமாண்ட ஆலை தேவையில்லை. வெளிச்சுவரில் வெந்நீரும் குளிர்நீரும் ஓடும் ஒரு ரியாக்டர், கலக்கி, உலர்த்தி, அரைவை இயந்திரம், சல்லடை. மோனோமரைத் தண்ணீரில் கரைத்து, காஸ்டிக்கால் நடுநிலைப்படுத்தி, நைட்ரஜனால் ஆக்சிஜனை வெளியேற்றி, பெர்சல்ஃபேட் சேர்த்துத் தொடங்கிவைத்தால் வினை தானே சூடேறி ஓடும். நடுத்தர ஆலைக்கு இது எட்டாத வேலை அல்ல. எட்டுவதற்குக் கடினமானது, இந்த மாதம் செய்த மூட்டையும் அடுத்த மாதம் செய்யும் மூட்டையும் ஒன்றேபோல் இருப்பது. ஓ.என்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் வாங்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எழுதிய தரக்குறிப்பு இருக்கிறது. அறைச் சூட்டில் நன்றாகத் தெரியும் பொடி, 120 டிகிரியில் பதினாறு மணி நேரம் உருட்டிச் சூடேற்றிய பிறகும் அதே எண்ணைத் தருகிறதா என்பதுதான் கேள்வி.

தொழிலாளியின் உடம்பும் அந்தத் தரத்தில் சேர்த்தி. அக்ரிலமைடு மோனோமர் நரம்பைப் பாதிக்கும் நஞ்சு. பாலிமராக மாறிய பிறகுதான் அது சாதுவாகிறது. மோனோகுளோரோ அசெட்டிக் அமிலம் தோலைச் சுட்டு, தோல் வழியாகவே உடம்புக்குள் ஏறும். கையுறையும் முகக்கவசமும் காற்றோட்டமும் உற்பத்திச் செலவின் முதல் வரியில் வர வேண்டியவை.

நிலத்தடி நீரும் சேர்த்திதான். இந்த மாவட்டத்துக்கு அதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1960களின் பிற்பகுதியில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு நடந்த ஆய்வுக்குப் பின், மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்று வயல்கள் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கத் தொடங்கின. இறைத்து இறைத்து மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டது. ஒரு நீரடுக்கு கெட்டால் அதை மீட்பது தலைமுறை வேலை. எண்ணெய்க் கிணறும் முதலில் கடந்து போவது இப்படிப்பட்ட நன்னீர் அடுக்கைத்தான். அங்கே மெல்லிய, இறுகிய கேக்கைப் படியவைப்பதும், உடனே இரும்புக் குழாய் இறக்கி சிமெண்ட் போடுவதும் தண்ணீருக்குச் செய்யும் காவல். கரையேற்றிய கழிவு மட்டைத் தார்ப்பாய் விரித்த குழியில் தேக்கி முறையாக அகற்றுவதும் அதே காவலின் பகுதி. எண்ணெய்க் கிணறுகளைப் பற்றிக் காவிரி டெல்டா விவசாயிகள் எழுப்பிய அச்சமும் 2020இல் வந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் இந்தத் தொழிலுக்குப் பகையல்ல என்றே நான் நினைக்கிறேன். கசிவை அளந்து காட்டு என்று கேட்கும் உரிமை நிலத்துக்குச் சொந்தக்காரனுக்கு உண்டு.

எந்தப் பெரிய கண்டுபிடிப்பாளரின் பெயரும் இந்தப் பொருளுக்கு இல்லை. மாவும் பருத்தியும் எப்போதும் இருந்தன. அரை மணி நேரம் பொறுமையாக உட்கார்ந்து சொட்டுகளை எண்ணியவர்கள் வந்த பிறகே அவை கிணற்றுக்கு உதவின. சேலத்து மரவள்ளி மாவும் நம் புளியங்கொட்டையும் அதே சோதனைக்குக் காத்திருக்கின்றன. கும்மிடிப்பூண்டியில் இந்தத் தொழிலில் கால்வைக்க நினைக்கும் இளம் ரசாயனப் பட்டதாரி ரியாக்டருக்கு முன்பாக ஒரு ஃபில்டர் பிரஸ் வாங்கட்டும். நம் மாவட்டத்துத் தண்ணீரில், நம் மாவைக் கரைத்து, வரும் எண்ணை நல்லதோ கெட்டதோ அப்படியே எழுதி வைக்கட்டும். விற்கத் தகுந்த பொருள் அந்த நோட்டிலிருந்துதான் வரும்.